சூடு ஆறாத செட்

கங்கையம்மாள் வேலை செய்யும் அறைக்கு நோயாளிகள் வருவதில்லை. பெருங்களத்தூரில் உள்ள பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, நீராவியில் கிருமி நீக்கும் பிரிவு அது. மேடவாக்கம் கிளைக்கும் இங்கிருந்துதான் வேனில், துணியில் சுற்றிய கருவி செட்டுகள் போகும். கணவர் துரைராஜுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் வேலை. கூட்டிப் பெருக்க வந்த கங்கையம்மாள் இந்த அறையிலேயே நிலைத்துவிட்டாள், ஒப்பந்தத்தில்தான். இந்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இயந்திரத்திலிருந்து வரும் செட்டை அவள் கம்பிவலைத் தட்டிலேயே ஆறவிடுவாள். கை வைக்கமாட்டாள், வைக்கவும் விடமாட்டாள். சூடான செட்டைக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அடியில் வியர்க்கும். அந்த ஈரத்தின் வழியே வெளிக் கிருமி துணியைத் தாண்டி உள்ளே போய்விடும்.

அன்றைக்கு அதை அவளே செய்தாள். மேடவாக்கத்தில் இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மாவுக்கு ஆபரேஷன். தியேட்டரிலிருந்து போன்மேல் போன். அடுத்த லோடும் வெளியே வந்துவிட, தட்டில் இடமில்லை. இடுப்பெலும்பு செட்டைத் தூக்கிப் புது ஸ்டீல் மேசைமேல் வைத்தாள். டிரைவர் சூர்யா வந்து எடுத்துக்கொண்டு போனான்.

மேசையைத் துடைக்கப் போனபோது கை நின்றுவிட்டது. செட் இருந்த இடத்தில் சதுரமாக நீர் பூத்திருந்தது.

சூப்பர்வைசர் ஆஸ்டின் மேலே இன்ஸ்பெக்‌ஷன் கூட்டத்தில் இருந்தார். போன் அணைந்திருந்தது. தியேட்டரோடு அவர்தான் பேச வேண்டும் என்பது விதி. கங்கையம்மாள் முதலில் சூர்யாவை அழைத்தாள்.

“எங்க கீற?”

“கேம்ப் ரோட்டாண்ட மாட்டிகினேன்க்கா. முன்னால தண்ணி லாரி. ஒரே பேஜார்.”

“அந்தச் செட்ட குடுக்காத. திருப்பிகினு வா.”

“அய்ய, டாக்டரு என்னைப் படுக்கப்போட்டு அறுத்துருவாருக்கா!”

“வாடான்னா.”

பிறகு விதியை மீறி மேடவாக்கம் தியேட்டருக்குப் போன் போட்டாள். நர்ஸ் சின்மயி எடுத்தாள்.

“சிஸ்டர், மயக்க ஊசி போட்டாச்சா?”

“போடப் போறாங்க. யாரு? ஆஸ்டின் சார் இல்லையா?”

“நான் கங்கையம்மாள். ஊசி போட வேணாம்னு சொல்லுங்க. அந்தச் செட்டு ஈரம் பட்டிருக்கலாம்.”

“பட்டிருக்கா, பட்டிருக்கலாமா? கரெக்டா சொல்லுங்கக்கா. அந்த அம்மா நேத்து ராத்திரிலேர்ந்து பட்டினி.”

“பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சா அப்பறம் ஒதவாது.”

“ஈரமே இல்லன்னா?”

“என் வேலை போவும். நீங்க ஊசிய நிறுத்துங்க.”

சின்மயி லைனைத் துண்டிக்கவில்லை. யாரோ கத்துவது கேட்டது. ஒரு தட்டு விழும் சத்தம். கங்கையம்மாள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

“நிறுத்திட்டாங்க,” என்றாள் சின்மயி கடைசியில். “வேற செட்?”

“தட்டுல இன்னொண்ணு ஆறிகினு கீது.”

ஆஸ்டின் இறங்கி வந்தபோது சூர்யா பழைய செட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். ஆஸ்டின் அதை மேசையில் வைத்துப் பிரித்தார். மேல்துணி, உள்துணி, உள்ளே இருந்த எலும்புச் சுத்தியலின் அடி எல்லாம் விரலால் தடவினார்.

“காஞ்சுதானே இருக்கு?”

கங்கையம்மாள் துணியைப் பார்த்தாள். ஈரம் வந்து காய்ந்துபோனாலும் துணி இப்படித்தான் இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

“மேடவாக்கத்துல குதிக்கிறாங்க. மெமோ நிச்சயம் வரும். ரினியூவல பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது.”

“சரி சார்.”

போன் அடித்தது. சூர்யா வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். கங்கையம்மாள் நகர்வதற்குள் ஆஸ்டின் எடுத்துவிட்டார். எதிர்முனையில் டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“இன்னும் ஆறல டாக்டர்,” என்றார் ஆஸ்டின். “ஆறினதும்தான் அனுப்புவேன். ஆமா, நான்தான் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டு, எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பார்க்கத் தட்டின் பக்கம் கையை நீட்டினார்.

“தொடாதீங்க சார்,” என்றாள் கங்கையம்மாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.