எட்ட நின்று எடுத்த படங்கள்

பொத்தானை அழுத்தியதும் "ர்ர்ர்" என்று முனகிக்கொண்டு மூக்கை நீட்டும் எங்கள் கேமராவின் சத்தம் கேட்டால் போதும், தெருவே வாசலுக்கு வந்துவிடும். சைதாப்பேட்டையில், அடையாற்றுக் கரையை ஒட்டி, ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்று வாழ்த்துகிற நெருக்கத்தில் நாங்கள் இருந்தோம். என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி "நைனா", பெயின்ட் அடிக்கிறவர். அபிராமபுரத்தில் ஒரு வீட்டு வேலையை முடித்த அன்று, அந்த வீட்டு மாமி, மகன் கழித்துப்போட்ட உள்ளங்கை அகல டிஜிட்டல் கேமராவை அவரிடம் கொடுத்து, "எடுத்துண்டு போப்பா, ஜூம்தான் இதுல விசேஷம்" என்றாராம். அதை நைனா வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் எங்களுக்கு வந்த வினை.

கேமரா நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் பஞ்சாயத்தே கூடியது. எதிரே பாலத்தில் மின்சார ரயில் வரும்போது நைனா விசையைத் திருகினார். மூக்கு முழுதாக நீண்டு சத்தம் நின்றுபோன பிறகும், திரையில் படம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கதவில் தொங்கியவனின் மீசை தெரிந்தது. "பாத்தியா, சத்தமே இல்லாம இஸ்துக்கினு வருது!" என்றார் நைனா. "இஸ்துக்கினு" என்றால் இழுத்துக்கொண்டு. "ஷோக்கான பீஸ் நைனா, வுட்றாத" என்று ஊரும் ஒப்புக்கொண்டது. சத்தம் நின்ற இடத்தோடு கேமராவின் உண்மையான பலம் முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் அது இருக்கிற மாவில் தண்ணீரை ஊற்றித் தோசையைப் பெருக்குகிறது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சின்னத் திரையில் பார்த்தால் எல்லாமே அழகுதான்.

அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கல்யாணப் போட்டோக்கள் குடிசை எரிந்தபோது போய்விட்டன. ஓட்டு அட்டையில் இருந்த முகமோ கரிக்கட்டை. "மூஞ்சி தெரியறாப்ல ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுய்யா" என்று இட்லி ஊற்றிக்கொண்டே கேட்பாள். நைனா எடுக்கவும் செய்தார், ஆனால் கிட்டே நின்று எடுப்பது கேமராவுக்கே அவமானம் என்பது அவர் கட்சி. "கிட்ட நின்னு பாக்கறதுக்குக் கண்ணு பத்தாதா இன்னா? கிட்ட இருந்தா முட்டப் பகை, எட்ட இருந்தாத்தான் ஒறவு" என்பார். திருவான்மியூர்க் கடற்கரையில் அலை ஓரமாக அம்மாவை நிறுத்திவிட்டு, மணலில் பின்னால் நடந்து நடந்து சாலைக்கே போய்விட்டார். "யோவ், இன்னும் எங்கய்யா போற? என் மூஞ்சி உனுக்குத் தெரியுதா இன்னா?" என்று அம்மா கத்தியது காற்றில் அரைகுறையாகக் கேட்டது. திரையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே எல்லாப் படங்களும், பாலத்தின் மேலிருந்து, எதிர்க் கரையிலிருந்து, மார்க்கெட்டின் மறு முனையிலிருந்து.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், மந்திரித்தோம், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓடியதில் பலன் இல்லை. காரியத்துக்குப் படம் வேண்டும் என்று நைனாவும் நானும் கேமராவோடு பஜாரில் ஸ்டூடியோவுக்குப் போனோம். ஸ்டூடியோ அண்ணன் கடற்கரைப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினார். அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம், சிரிப்பு இருந்த இடத்தில் நாலைந்து வெள்ளைக் கட்டம். அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாம் அதே கதி. "இதுல மூஞ்சியே இல்லியே நைனா" என்றார் அவர். நைனா திரையில் விரலை வைத்து, "இதோ கீதுப்பா, சிரிக்குது பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தையும் இரக்கத்தையும் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் அந்த யோசனையைச் சொன்னார். "பொண்ணு அம்மா ஜாடைதான? அம்மா பொடவையக் கட்டிக்கினு வரட்டும். வயசு ஏத்தறத நான் பாத்துக்கறேன்." மறுநாள் அம்மாவின் பச்சைப் புடவையில், அவள் வைக்கிற அளவுக்குப் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். அண்ணன் கேமராவை எடுத்ததும் நைனா அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். "கிட்ட போப்பா. இன்னும் கிட்ட போய் எடு."

இப்போது அந்தக் கரையில் வீடுகள் இல்லை, வேலிதான் இருக்கிறது. சர்க்கார் எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி ஒன்றில் ஏற்றிவிட்டது. நான் அங்கிருந்து தி.நகரில் ஒரு போன் கடைக்கு வேலைக்கு வருகிறேன், வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஜூம் எவ்ளோ?" என்றுதான். கிட்டே போய் எடுத்துப் பாருங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

படத்தில் ஸ்டூடியோ அண்ணன் ஏற்றிய வயது இப்போது எனக்கு உண்மையிலேயே ஏறிவிட்டது. கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் அந்தப் படம்தான் வருகிறது. அவள் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. ஒவ்வோர் அமாவாசைக்கும் நைனா, சுவர்ப் படத்தில் இருக்கிற என் நெற்றியில் குங்குமம் வைத்து, எனக்கு மாலை போட்டு, கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்.