அரிசி மண்டிக் காலண்டர்

புது நெல்லின் ‘சுணை’ பட்டவர்களுக்குத்தான் அந்த அரிப்பு தெரியும். கழுத்து, கை, முதுகு என்று ஓரிடம் விடாமல் பிடுங்கும், குளித்தாலும் போகாது. அதனால்தான் முசிறிப் பக்கத்து எங்கள் ஊரில் ‘அறுப்பு’க்குப் போகும் பெண்கள் புருஷனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள்; அம்மாவும் அப்படித்தான்.

ஐம்பதுகளில் ஒரு தை மாதம், காலண்டருக்காக அறுவடைப் படம் எழுத ஸ்ரீரங்கத்து ஓவியர் ஒருவர் வந்து வரப்பில் பலகையை ஊன்றினார். அத்தனை பேரில் அம்மாவைக் கூப்பிட்டு, “ஏம்மா, அந்தச் சட்டையக் கழட்டிடு, படத்துக்கு நல்லா இருக்காது” என்றார். “சுணை பிடுங்குமுங்களே” என்று அம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மூடாத கையோடு கதிரை அணைத்தபடி உச்சிவேளை வரை நின்றாள், பாவம். ஆனாலும் மனுஷர் கைகாரர்! பென்சிலில் அம்மா முகம், தூக்கலான பல், அம்மைத் தழும்பு எல்லாம் அப்படியே வந்திருந்தது. “அடியாத்தீ, நானா இது!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அம்மா போய்விட்டாள். போட்டோ என்று ஒன்று எடுத்ததில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் அப்போது யார் எடுத்தார்கள்? “அந்தப் படத்துல இருக்காடி உங்கம்மா” என்று சொல்லிச் சொல்லியே அப்பா மார்கழி வரை ஓட்டினார். காலண்டர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, படத்தை எழுதச் சொன்ன பாலக்கரை அரிசி மண்டிக்குப் போனார். முதலாளி நல்ல மனுஷர், கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்.

விரித்தோம். அதே வரப்பு, அதே சேலை, அதே நிற்பு. முகம் மட்டும் வேறு யாருடையதோ. ரோஜா நிறம், தலை நிறைய மல்லிகை. வெயிலில் நெல் அறுக்கிறவள் தலையில் மல்லிகையாம்!

“இது எங்க வீட்டு ஆளு இல்லீங்களே” என்றார் அப்பா.

“இருந்த மூஞ்சிய வச்சா யாருப்பா சுவத்துல மாட்டுவாங்க? நாங்கதான் மாத்தச் சொன்னோம்.” முதலாளியின் குரலில் கடுமைகூட இல்லை.

“முன்ன எழுதினதுங்க?”

“அது மேலயேதான் இதை எழுதிட்டாரு.”

அப்பா “சரிங்க” என்றார். வேறென்ன சொல்ல முடியும், சொல்லுங்கள். “கையி அவளுதுதானே” என்று அதையே வீட்டில் மாட்டினார். அமாவாசைதோறும் அந்த முகத்துக்குத்தான் சூடம் காட்டினோம்.

இன்று அந்த வயலில் மெஷின் அறுக்கிறது. அப்பாவும் இல்லை, காலண்டரையும் கரையான் தின்றுவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது, அம்மாவை நினைத்துக் கண்ணை மூடினால், எத்தனை விரட்டினாலும், அந்த ரோஜா நிறத்துக்காரிதான் வந்து சிரிக்கிறாள்.