ஊஞ்சல் வளையத்தில் ஒரு தூளி

பேரன் ஆபீஸ் நண்பர்களோடு ஊட்டிக்குப் போய்விட்டு நேற்றுக் காலை வந்து இறங்கினான். ஒரு பை நிறைய அழுக்குத் துணி, ஒரு டப்பா வர்க்கி, கூடவே மழையில் நனைந்து சரியாகக் காயாத ஒரு கம்பளி. பையைத் திறந்ததுமே என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, முதலில் இதை மொட்டைமாடிக்குக் கொண்டு போ என்று சத்தம் போட்டாள். நான் மெதுவாகப் பின்னாலேயே படியேறிப் போய், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, அந்தக் கம்பளியை முகத்தோடு வைத்து நன்றாக முகர்ந்தேன். எண்பது தாண்டிய கிழவி ஈரக் கம்பளியை முகர்ந்துகொண்டு நிற்பதை எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த வாடை எனக்கு மலையை நினைவூட்டுவதில்லை. நான் மலைக்கு அதிகம் போனவள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் போகும் சாலையில் இருந்த ஒரு பழைய வீட்டின் கூடத்தைத்தான் நினைவூட்டும். அறுபதுகளின் நடுவில் அந்த வீட்டை ஒரு சேவை அமைப்பு வாடகைக்கு எடுத்திருந்தது. தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் கொட்டகை என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே ஆயாவாக இருக்கிறவர்களுக்கும், இனி ஆயாவாகப் போகிறவர்களுக்கும் குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், சத்துணவு என்று இரண்டு மாதப் பயிற்சி. வால்பாறையிலும் கூடலூரிலும் இருந்த தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு முசிறி, துறையூர், மணப்பாறை என்று இந்தப் பக்கம்தான் பூர்வீகம். அதனால்தான் இங்கே வைத்தோம் என்பார்கள். வாடகை குறைவு என்பது என் கணிப்பு.

நான் அங்கே பயிற்சி ஆசிரியை. மனையியல் படித்துவிட்டு வந்த புதுசு, தலைகால் புரியாத நாட்கள். கொழுந்து குறைவாக இருக்கும் மாசி, பங்குனியில் அந்தப் பெண்கள் ரயிலேறி வருவார்கள். ஜங்ஷனில் இறங்கும்போதே தலையில் கம்பளி இருக்கும். திருச்சி வெயில் அவர்களைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. மூன்றாவது நாளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கம்பளிகளைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி வாசற்படியிலும் ஜன்னல்களிலும் தொங்கவிட்டார்கள். கூடம் முழுக்கக் குளிர்ச்சியும் வந்தது, அந்த வாடையும் வந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்போது கருவாடு மட்டும் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கம்பளியைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க அவருக்குத் தோன்றியிருக்காது. கருவாட்டு நிபந்தனையை ஒரு நாள் தவிர மற்ற நாட்களில் காப்பாற்றினோம். அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல மாட்டேன், அவருடைய பேரன்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் டைரக்டர் அம்மா டில்லியில் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, கண்டிப்பான குரல். பாடம் நடத்தாதே, அவர்களைப் பேச விடு, அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதுதான் பாடம் என்று எனக்கு உத்தரவு. இப்போது பங்கேற்புப் பயிற்சி என்று இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது வம்பாகத்தான் பட்டது. குண்டுக் குழந்தைப் படங்களும் குறிப்புகளுமாக நான் ராத்தூக்கம் கெட்டுத் தயார் செய்து வைத்திருந்தேனே, அதெல்லாம் என்னாவது?

நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். முதலில் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்த பிறகு யாரும் பேசவில்லை. டைரக்டர் அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “உங்களுக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார். அத்தனை பெண்களும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போன பிறகு நானும் ஒரு வாரம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றுகூட ஒருத்தி வாய் திறக்கவில்லை. குளிப்பாட்டிப் பழக ஒரு ரப்பர் பொம்மை கொடுத்திருந்தார்கள். அதையும் கூச்சத்தோடு நனைத்துவிட்டு, துடைத்துவிட்டு, அடுத்தவளிடம் தள்ளிவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் அவர்களை அம்மாமண்டபத்துப் படித்துறைக்குக் கூட்டிப் போனேன். மேட்டூர் அணையை மூடியிருந்த மாதம். படியில் இறங்கிப் பார்த்தால் எதிர்க்கரை வரை மணல், நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர். கூடலூரிலிருந்து வந்த செல்லம்மா என்ற பெண், காவேரி காவேரி என்று சொல்லி மணலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்களே என்று கேலி செய்தாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு எல்லோரும் ஒரே படியில் வரிசையாக மணலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தது பாருங்கள் பேச்சு, மடை திறந்த மாதிரி. ஒருத்தியும் திரும்பிப் பக்கத்திலிருப்பவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனை நாள் ஏன் இப்படிப் பேசவில்லை என்று செல்லம்மாவைக் கேட்டேன். தேயிலைக் காட்டில் ஆளுக்கொரு செடி வரிசை, நிரை என்று பெயர், உண்டாம். கையும் கண்ணும் செடியில் இருக்கும், வாய் மட்டும் பக்கத்து நிரைக்காரியோடு போய்க்கொண்டிருக்கும். “எதிர்ல நின்னு மூஞ்சியப் பாத்துப் பேசுறது தொர மட்டுந்தான் டீச்சர். அது திட்டுறதுக்கு” என்றாள்.

மறுநாள் நாற்காலிகளை எடுத்து அடுக்கிவிட்டு, கூடத்துச் சுவரோரம் பாயைப் போட்டு, முற்றத்தைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தோம். நான் நடுவில். கையில் எதையாவது கொடுத்துவிடுவேன், கீரை ஆய்வது, துணி மடிப்பது என்று. அதற்குப் பிறகு வகுப்பை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளைக் கொட்டகை அடிவாரத்து ஃபாக்டரிக்குப் பக்கத்தில் இருப்பதும், உச்சிக் காட்டில் கொழுந்து எடுப்பவள் பால் கொடுக்க இறங்கி வந்து திரும்பி ஏறுவதற்குள் கணக்கப்பிள்ளை அவளைத் தேடுவதும், மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதும், பால்மாவு எங்கே போகிறது என்பதும் எல்லாம் வந்தன. என் குண்டுக் குழந்தைப் படங்களைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

இனிமேல்தான் என் கதை. அப்போது எனக்கு ஐந்து மாதக் குழந்தை இருந்தது. என் கணவர் காசநோயோடு தஞ்சாவூர் போகும் வழியிலிருந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். என் ஒருத்தி சம்பளத்தில்தான் குடும்பம். குழந்தையை உறையூரில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு, சத்திரம் வந்து பஸ் மாறி ஸ்ரீரங்கம் வருவேன். குழந்தை புட்டியைத் தொடவே மாட்டாள். நாள் முழுக்க அழுது, நான் வரும்போது துவண்டு கிடப்பாள். கன்னம் வற்றி, விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. வேலையில் சேரும்போதே கைக்குழந்தையைக் கூட்டி வரக்கூடாது என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை வளர்ப்புச் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டில் குழந்தை இப்படி. மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்புறம் எதைச் சாப்பிடுவது என்பதை யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் வரிசையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த செல்லம்மா தலையைத் தூக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டாள். “டீச்சர், பால் கட்டியிருக்கா?”

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“எனக்கும்தான். பத்து மாசப் புள்ளையத் தங்கச்சிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்” என்றாள்.

முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். அந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. முற்றத்து வெயிலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரி, புட்டி, விலா எலும்பு, வேலையை விடப்போவது எல்லாம். சொல்லி முடித்தபோது வரிசை முழுக்கக் கீரை ஆய்வதை நிறுத்தியிருந்தது.

“நாளைக்குப் புள்ளையத் தூக்கிட்டு வாங்க. நாங்க எதுக்குப் படிக்க வந்திருக்கோம்?” என்றாள் செல்லம்மா.

பயந்துகொண்டேதான் தூக்கிப் போனேன். கூடத்தின் உத்தரத்தில் வீட்டுக்காரர் ஊஞ்சல் பலகையைக் கழற்றிவிட்டு வளையங்களை மட்டும் விட்டுவைத்திருந்தார். அதில் ஒரு சேலையைக் கட்டித் தூளி தயாராக இருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் குழந்தை என் கையில் இல்லை. அன்றிலிருந்து ரப்பர் பொம்மைக்கு வேலை போயிற்று. குளிப்பாட்டுவது, எடை பார்ப்பது, சொறிக்கு மருந்து போடுவது எல்லாம் என் மகள்மேல்தான் நடந்தது. நான் நடுநடுவே போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு நாள் எடை பார்க்கும்போது அவள் தராசை நனைத்துவிட்டாள். தோட்டத்தில் மழை நாளில் கொழுந்து நிறுத்தால் ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழிப்பார்களாம். ஈரத்துக்குக் கழித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று ஒருத்தி சொல்ல, அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகளின் கன்னம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

ஒரு நாள் குழந்தையை அவர்களிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது திருவெறும்பூர் தாண்டுவதற்குள் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. குழந்தை பசியில் கத்திக்கொண்டிருப்பாள் என்று ஓடி வந்தால், தூளியில் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். செல்லம்மா பக்கத்தில் வந்து நின்று, தூளியைப் பார்த்தபடி, “ரொம்ப அழுதுச்சு. நான் குடுத்தேன். கோவிச்சுக்காதீங்க” என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். என் புகுந்த வீட்டில் இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். ஈரக் கம்பளி வாடையைக் கண்டு நேற்று மூக்கைப் பிடித்தாளே, அவள்தான் அந்தக் குழந்தை.

டைரக்டர் அம்மா திடீரென்று வந்தது அதற்கு அடுத்த வாரம். குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவர் தூளியைப் பார்த்து நின்றுவிட்டார். யார் குழந்தை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வரிசையில் இருந்தபடியே செல்லம்மா பேசினாள். கண் முற்றத்தில்தான் இருந்தது. “மொத நாளு என்ன வேணும்னு கேட்டீங்கம்மா. அப்ப சொல்லத் தெரியல. இப்பச் சொல்றோம். இந்தப் புள்ள இங்கேயே இருக்கணும்.”

மற்றவர்கள் ஆமாம் என்று முனகினார்கள். டைரக்டர் அம்மா தூளிக்குள் ஒரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு, மேலே இருப்பவர்களுக்கு நான் என்னவென்று எழுதுவது என்று கேட்டார். அது யாரையும் பார்த்துக் கேட்டதல்ல.

“கேட்டதக் குடுத்தோம்னு எழுதுங்கம்மா” என்றாள் செல்லம்மா.

அந்த அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெள்ளைப் புடவையோடு வரிசையின் கடைசியில் பாயில் உட்கார்ந்தார். என் வேலை நிலைத்தது. அடுத்த வருஷத்திலிருந்து கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையோடு வரலாம் என்றும் ஏற்பாடாயிற்று. என் கணவரும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து ரொம்ப வருஷம் என்னோடு இருந்தார்.

டைரக்டர் அம்மா போன பிறகு செல்லம்மாவைக் கேட்டேன், உங்கள் குழந்தையையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்று. அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே, “அவன் மலையில இருக்கான் டீச்சர். ஆளு போயித் தூக்கிட்டு வர்றதுக்குள்ள படிப்பே முடிஞ்சிரும். அடுத்தாப்புல வர்றவளுக்கு ஆகட்டும்” என்றாள்.

அந்த வீடு இப்போது இல்லை. லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வந்துவிட்டது. ஊஞ்சல் வளையங்கள் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயினவோ. டைரக்டர் அம்மா போய்விட்டார். அமைப்பும் எழுபதுகளில் பயிற்சியை நிறுத்திக்கொண்டது. பிள்ளையைப் பெற்ற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முகம் பார்க்காமல், ஒருத்தி நெஞ்சின் கனத்தை இன்னொருத்தி கேட்டறிகிற அந்தப் பேச்சும் அதோடு போயிற்று. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வருஷமே போன ஒன்று உண்டு.

அடுத்த பங்குனியில் கூடத்தில் நாலைந்து தூளிகள் தொங்கின. கூடலூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்த ஒருத்தியிடம் செல்லம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். உச்சிக் காட்டுக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருக்கிறாள் என்றாள். பிறகு, தன் குழந்தையைத் தட்டிக்கொண்டே, தூளிப் பக்கம் பார்த்தபடி சொன்னாள். “இங்கேருந்து திரும்பி வந்தப்ப அவ புள்ள பால மறந்துட்டானாம் டீச்சர். கிட்டயே வரலையாம். ‘டீச்சர் புள்ளையாவது குடிச்சுதே, அதுவரைக்கும் வீணாப் போகல’ன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னா.”