என் பதிலைச் சொன்னவர்

ஈப்போ நீதிமன்றத்தில் என் மகனின் விபத்து வழக்கு நடந்தது. நான் தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார். ஒல்லியான பெண், சாம்பல் நிற பாஜு கூரோங் உடை. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார்.

“காம்பார் ரோட்டுல லாரி மோதிருச்சு. காலப் பாத்துத்தான் என் மகன்னு தெரிஞ்சிக்கிட்டேன்,” என்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

சாட்சி சொல்வதை அப்படியே சொல்லவேண்டும் என்பதால் அவரும் மலாயில் “என் மகன்” என்றே சொன்னார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. நீதிபதியிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி முழுவதும் சொன்னார்.

வெளியே வந்ததும், “மன்னிச்சிருங்கக்கா. நான் அழக்கூடாது,” என்றார்.

“பரவால்ல லா. எனக்குத்தான் வரல.”

வழக்கு எங்களுக்குச் சாதகமாக முடிந்தது. அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.