சம்பூர்ணத்துக்கு ஒன்பது வோல்ட்டு

சிவப்பிரகாசம் முப்பது வருஷம் செங்கல்பட்டு மின்சார ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று மனைவி சம்பூர்ணம், சிறுவாட்டுக் காசில் வாங்கிய உள்ளங்கை நீள பொம்மை ரயில் இன்ஜினை அவர் கையில் வைத்து, "இனிமே வூட்லயே ஓட்டு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரித்த வாய் இப்போது கோணிக் கிடக்கிறது. பக்கவாதம். கடல் காற்றில் தேறுவாள் என்று மாமல்லபுரத்தில் அவள் பிறந்த வீட்டுக்கே அழைத்து வந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே பலகையில் தண்டவாளம் போட்டு ரயிலை விட்டால், அவள் கண்கள் கூடவே போகும். அதைப் பார்த்தபடி நாலு வாய் கஞ்சி குடிப்பாள். அவளிடம் மிஞ்சியிருந்த உயிரே அந்தப் பார்வைதான்.

ரயிலுக்கு மின்சாரம் தரும் பெட்டி முந்தாநாள் புகைந்துபோனது. அன்றிலிருந்து ஊட்டிய கஞ்சியெல்லாம் கடைவாயில் வழிந்தது.

நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் அரவிந்தன், பழைய லேப்டாப் சார்ஜரோடு வந்து இறங்கினான்.

"இத்த வெட்டி ஒட்டிக்க நைனா. பத்தொன்பது வோல்ட்டு. சும்மா பறக்கும்."

"வாணாம்டா. இந்த மோட்டாரு பன்னெண்டுக்கு மேல தாங்காது. எரிஞ்சா இன்னொண்ணு கெடைக்காது."

"இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டு கம்பிக்குக் கீழ வண்டி ஓட்டின ஆளு, பத்தொன்பதுக்குப் பயந்துகினு கீற!"

"அது வண்டி. இது உங்கம்மா."

அரவிந்தன் சார்ஜரைப் பைக்குள் திணித்தான்.

சிவப்பிரகாசம் வைஃபை பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கினார். பன்னிரண்டு வோல்ட்டு.

"நைனா, எனக்கு மீட்டிங் கீது!"

அவர் காதில் வாங்காமல் அதன் கம்பியை வெட்டித் தண்டவாளத்தில் ஒட்டினார். ரயில் பாய்ந்தது. சம்பூர்ணத்தின் கண்கள் ஒரு சுற்று துரத்தின. மறு சுற்றில் தவறவிட்டன. இமைகள் மூடிக்கொள்ள, ஓரத்தில் நீர் கோத்தது. இன்ஜினை எடுத்துப் பார்த்தார். சுட்டது.

"பாவம், அவளால இவ்ளோ வேகமா ஓட முடியல" என்றார் சோர்ந்துபோய்.

பழைய துணிப்பெட்டியின் அடியில் கிடந்த, கம்பியில்லா வீட்டுப் போனின் அடாப்டரைத் தேடி எடுத்து மாட்டினார். ஒன்பது வோல்ட்டு. இன்ஜின் முனகியது, நகரவில்லை.

"பாத்தியா? பவரு பத்தல" என்றான் அரவிந்தன்.

சிவப்பிரகாசம் தண்டவாளத்தில் விரலை ஓட்டினார். கறுப்பாக ஒட்டியது. கடல் காற்றின் உப்பில் படிந்த கறை. பவர் பத்தாமல் இல்லை, அது போக வழி இல்லை. வலிக்கும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கத் தொடங்கினார். பாதியில் மூச்சு வாங்கியது. மறுபுறம் அரவிந்தன் தன் கைக்குட்டையோடு உட்கார்ந்தான்.

மறுபடி ஒன்பது. இன்ஜின் மெல்ல அசைந்தது. வளைவில் தயங்கி, திரும்பி, கட்டிலை நோக்கி வந்தது.

சம்பூர்ணத்தின் கண்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. விடவில்லை.

"அந்தக் கஞ்சிய எடுடா" என்றார் சிவப்பிரகாசம்.