டயாலிசிஸ் வண்டியில் காலி சீட்

1. ரோஸ்மேரி ஏறவில்லை

நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். படிப்பு எட்டாவது. வாரம் மூன்று நாள், விடியுமுன் மூன்று பேரை மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு டயாலிசிஸ் செய்யக் கொண்டுபோவேன். அரசு காப்பீட்டு அட்டை இருந்தது. சிகிச்சைக்குக் கைக்காசு வேண்டாம்.

அப்படியும் ஒரு நாள் ரோஸ்மேரி ஏறவில்லை. கொழுந்து எடுக்கிற பெண். லயன் வீட்டு வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"நான் வரலைண்ணே. நீங்க போங்க."

"ஏம்மா?"

"மலை எறங்கறப்ப வாந்தி. ஏர்றப்ப மயக்கம். மறுநாளும் எந்திரிக்க முடியலைங்க. அப்புறம் எப்பண்ணே வேலைக்குப் போறது?"

"போகலைன்னா உசுருக்கு ஆபத்தும்மா."

"நீங்க வளைவுல திருப்பறப்பவே பாதி உசுரு போயிருதுங்க."

வண்டியில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் ரோஸ்மேரி ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது. கால் வீங்கிவிட்டது.

2. நான் எழுதியது

டிரிப் ஷீட்டில் எப்போதும் 'மூன்று பேர்' என்றே எழுதினேன். ஆள் குறைந்தால் எஸ்டேட் ஆபீஸில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். மற்ற இரண்டு பேர் என்ன செய்வார்கள்? டிரைவர்கள் பலரும் இப்படித்தான் எழுதுவோம். தப்பாகத் தோன்றவில்லை.

3. மேடம் கேட்டது

காப்பீட்டுத் திட்டத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். மேட்டுப்பாளையத்தில் டயாலிசிஸ் செய்கிற தனியார் ஆஸ்பத்திரியோடு திட்டம் போட்டிருந்த ஒப்பந்தம் முடிகிற நேரம். ஷீட்டைப் புரட்டினார்.

"மூணு பேரும் ஒழுங்கா போறாங்களே. அப்ப பக்கத்துல கோத்தகிரியிலயே டயாலிசிஸ் மெஷின் வைன்னு நான் அவங்களை எப்படிக் கேக்கறது?"

"கேட்டா வெப்பாங்களாங்க?"

"காசு குடுத்து சிகிச்சையை வாங்கறது நம்ம திட்டந்தானுங்க. எங்க குடுக்கணும்னு நாமதான் சொல்லணும். ஆஸ்பத்திரியில கேட்டா வந்தவங்களைச் சொல்லுவாங்க. வராதவங்களை யாரு சொல்லுவா?"

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பக்கத்திலேயே இருந்தார். சொன்னால் வண்டி நின்றுபோகலாம். என் வேலையும் போகலாம்.

"அது பொய்ங்க மேடம். ரோஸ்மேரி பாதி நாள் வர்றதில்லை. நான்தான் எழுதினேன்."

ரைட்டர் முறைத்தார். "ஏய்யா, இத்தனை நாள் வாயில என்ன வெச்சிருந்தே?"

மேடம் திட்டவில்லை. "வராத நாளெல்லாம் ஞாபகம் இருக்குங்களா?" என்றார். இருந்தது. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு ரோஸ்மேரியிடம் போய் ஒரு மணி நேரம் பேசினார்.

4. பிறகு

எனக்கு ஒரு மெமோ வந்தது. வண்டி நிற்கவில்லை. புது ஒப்பந்தத்தில், கோத்தகிரியிலும் மெஷின் வைத்தால்தான் கையெழுத்து என்று சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் முடியாது என்றார்கள். சில மாதம் இழுத்தது. பிறகு இரண்டு மெஷின் கோத்தகிரிக்கு மலையேறி வந்தன.

இப்போது ரோஸ்மேரி பஸ்ஸில் போய், மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு ஆக்குகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. மறுநாள் கொழுந்துக்கும் போகிறது.

வண்டி எடுக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். அட்டை கொடுத்தால் மட்டும் வைத்தியம் கிடைத்துவிடாது. ஆளால் போய்ச் சேர முடிகிற இடத்தில் அதை வாங்கித் தர வேண்டும். வாங்குகிறவர்கள் நம் ஷீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பாவம் பார்த்துக்கூடப் பொய் எழுதாதீர்கள். நான் எழுதினேன். மெஷின் வரத் தாமதமானதில் என் பங்கும் உண்டு.