பாலத்துக்கு மேலே பஸ், கீழே தையல் மெஷின்

இருபத்திரண்டு வருஷம் ஒரே பாதையில் பஸ் ஓட்டினவருக்கு அந்த ஊரே தெரியாது என்றால் நம்புவீர்களா? பதினொன்றாம் நம்பர் பஸ் டிரைவரின் கதை அதுதான். அவருக்கு ஊர் என்பது முன்கண்ணாடி அளவு. சிக்னல், நிறுத்தம், குறுக்கே பாயும் ஸ்கூட்டர்காரன், அவனுக்கு நாலு திட்டு. அவ்வளவுதான் ஊர்.

போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது, ஆனால் தினமும் டெப்போவுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தவன் ஓட்டும் பஸ்ஸில் பயணியாக உட்கார மனுஷனின் வீம்பு விடுமா? நடந்தார். நம் இரண்டு காலையும் கேலியாகப் பதினொன்றாம் நம்பர் பஸ் என்போமே, ஐயா அந்த வண்டிக்கு மாறிவிட்டார் என்று டெப்போவே சிரித்தது.

முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. தன் பாதையில் ஒரு பல் டாக்டர் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் டெப்போவைத் தாண்டி மேம்பாலம் வரை வந்தார். நடப்பவர்களுக்கு மேலே வழி கிடையாது, கீழே இறங்கித்தான் கடக்க வேண்டும்.

அந்தப் பாலத்தின் நடுவில், இரண்டு துண்டு சேரும் இணைப்பில், ஒரு குலுக்கல் உண்டு. டிரைவர்கள் அதற்கு 'சம்பந்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேகத்தைக் குறைத்து மரியாதை செய்யாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும். இந்த வருஷம் சம்பந்தி கொஞ்சம் உடம்பு போட்டுவிட்டார் என்று இவரே ஜோக்கடித்திருக்கிறார்.

சம்பந்திக்கு நேர் கீழே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தூணின் தலையில் பாலம் உட்காரும் இடம் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. மிச்சம் நாலு விரல் அகலம். மேலே ஒரு பஸ் போனது. பொலபொலவென்று சிமென்ட் கொட்டியது. பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஏனென்றால் அந்தத் தூணை ஒட்டியிருந்த அறையில்தான் அவர் மனைவி துணி தைக்கிறாள். ஒன்பது வருஷமாக அவள் தலைக்கு மேலே தினம் பத்து தடவை போயிருக்கிறார். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"அட, ஐயா தரைக்கு இறங்கிட்டாரா?" என்றாள். கூட இருந்த ஐந்து பெண்களும் சிரித்தார்கள்.

அவர் கண் அவள் மெஷின் காலுக்குக் கீழே போனது. அங்கே மடித்த துணி தடிமனாக இருந்தது. "இது எதுக்கு?"

"தரை சாயுதுங்க. மெஷின் ஆடாம இருக்க மாசம் ஒரு மடிப்பு சேத்து வைக்கிறேன். ஒரு வருஷமா இப்படித்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"மெஷின் ஆடுறதையெல்லாம் உங்ககிட்ட வந்து சொல்லுவாங்களா?"

இவர் மட்டும் சம்பந்தியைப் பற்றி அவளிடம் சொன்னாரா என்ன? "எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்" என்று கையைப் பிடித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என்னை மட்டும் கூப்பிட வந்தீங்களா? இன்னும் அரைமணியில முதலாளி வந்துடுவாரு. சொல்லிட்டு எல்லாரும் சேந்து கிளம்புறோம். நீங்க முதல்ல பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க."

டெப்போ அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார். மாதாமாதம் டிரைவர்கள் எழுதித் தருவது. குறை எழுதினால் சுற்றுப்பாதையில் விடுவார்கள், வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமாகும். அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 'பாதை நலம்' என்றே எழுதுவார்கள்.

"போன மாசம்கூட நலம்னு எழுதியிருக்கியே. இது உன் கையெழுத்துதானே? திங்கட்கிழமை இன்ஜினியர் வருவாரு, பாக்கலாம்."

பாவி, நானே எழுதிக் கொடுத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடி வந்தார். இனி யாரிடமும் கேட்பதில்லை, பஸ்ஸைத் தானே நிறுத்துவது என்று பாலத்தின் மேல் ஏறினார். வேறு இடத்தில் நின்றால் வண்டி அடித்துப் போட்டுவிடும். எல்லா டிரைவரும் வேகம் குறைக்கும் இடம் அவருக்குத் தெரியாதா? சரியாகச் சம்பந்தியின் மேல் போய்க் கையை விரித்து நின்றார்.

பதினொன்றாம் நம்பர் பஸ் நின்றது. அதை ஓட்டி வந்தவன் தலையை நீட்டினான். "என்னண்ணே, ஆபரேஷன் கண்ணுக்குத்தானே பண்ணாங்க?"

"பின்னால எடுடா!"

"எங்க எடுக்கறது? நீங்களே பாருங்க."

பஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர் லாரி, சிமென்ட் லாரி, இன்னும் மூன்று பஸ். வேடிக்கை பார்க்க எதிர்ப்பக்க வண்டிகளும் நின்றுவிட்டன. இத்தனை வருஷத்தில் அந்தப் பாலம் இப்படி ஒரேயடியாக நிரம்பி அவர் பார்த்ததே இல்லை. காலுக்கு அடியில் ரோடு ஒரு விரல் அளவு இறங்கியது. மனைவிக்குப் போன் போட்டார்.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய ஓடு. இப்பவே."

"ஓடத்தாங்க பாக்குறோம்," என்றாள். "கதவு திடீர்னு இறுகிப் போச்சு. ஆறு பேரும் சேந்து இழுக்கிறோம், வர மாட்டேங்குது."